டீசன்ட் மாமா

முத்துலிங்கம் விசாரித்து முடித்த கல்யாணங்கள் பதினான்கு. அதில் பதின்மூன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பதினான்காவதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

பதினான்காவது, அவருடைய தங்கை நல்லம்மாவின் மூத்த மகள் அனுஷியாவின் கல்யாணம். ஏழு வருடத்துக்கு முன்னால் பிலிமத்தலாவையிலிருந்து யோகராஜ் என்றொரு மாப்பிள்ளை வந்தான். தாய்மாமன் என்ற முறையில் முத்துலிங்கம் விசாரிக்கக் கிளம்பினார். முப்பத்தொரு வருடம் தபால் கந்தோரில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தவர். கிறுக்கல் விலாசத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தவருக்கு, நேரில் நிற்கிற ஆளைக் கண்டுபிடிப்பதா கஷ்டம்? சலூன், பலசரக்குக் கடை, பஸ் தரிப்பிடம், பக்கத்து வீடு என்று பதினோரு பேரிடம் கேட்டார். பதினோரு பேரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். டீசன்ட். அவர் திரும்பி வந்து அதையே நல்லம்மாவிடம் கொடுத்தார். "பையன் ரொம்ப டீசன்ட். கண்ண மூடிக்கிட்டு முடிக்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு முடித்தார்கள். யோகராஜ் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ஐந்தாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை பேச்சையே நிறுத்தினான். என்ன கோபம் என்று அனுஷியாவுக்கு இன்று வரை தெரியாது. பதினொரு மாதம் அந்த வீட்டுக்குள் அவளோடு ஒரு வார்த்தை இல்லை. தெருவில் இறங்கினால் ஆளுக்குத் தக்கபடி வணக்கம், ஆயுபோவன், ஸலாம். வீட்டுக்கு வந்தால் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவான். பேசித் தீர்க்கப் போன பெரியவர்கள் அவன் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, "ஆள் டீசன்டாத்தானேம்மா இருக்காரு, ஒனக்கு என்ன குறை?" என்று அவளிடமே கேட்டார்கள். கடைசியில் அவள் ஒரு பெட்டியும் ரைஸ் குக்கருமாக வெளியே வந்தபோது, பெட்டியைத் தூக்கி த்ரீவீலரில் வைத்தவனும் அவன்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து முத்துலிங்கத்துக்குப் பெயர் டீசன்ட் மாமா. வைத்தவள் அனுஷியா. அவளுடைய போனில் அவருடைய நம்பர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. போனில் யார் என்று வீட்டில் கேட்டால், "டீசன்ட் மாமா எடுத்தாரு, மழை பெய்யுதாம்" என்பாள். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ள அவருக்கு எங்கே முகம்?

ஒரு தடவை அவர் நூலகத்துக்குப் போய் அந்தச் சொல்லை அகராதியில் பார்த்தார். ஒழுக்கமான, தகுந்த என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. வரிசையின் கடைசியில், 'ஓரளவு போதுமான' என்றும் கிடந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அனுஷியாவிடம் போய்ச் சொன்னார்.

"அப்ப ஓரளவு போதுமானவனுக்கா மாமா என்னக் கட்டிக் குடுத்தீங்க?" என்றாள் அவள். "மிச்ச அளவ யாரு தருவாங்க? போஸ்ட்ல வருமா?"

உண்மையில் கண்டியில் அந்தச் சொல் படாத இடமில்லை. சட்டையை உள்ளே விட்டால் டீசன்ட். பாட்டுச் சத்தம் குறைவாகப் போகிற பஸ் டீசன்ட். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிற சாப்பாட்டுக் கடை டீசன்ட். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் விளம்பரத்தில் டீசன்டான ஆட்களைத் தேடுவார்கள். செத்த வீட்டில் யாரும் சண்டை பிடிக்காவிட்டால் அதுவும் டீசன்ட். தமிழில் சொல் இல்லாமலா? கண்ணியமானவன் என்று ஒருவனைச் சொன்னால், அப்படி என்ன செய்தான் என்று அடுத்த கேள்வி வரும். டீசன்ட் என்றால் வராது. சொன்னவனும் தப்பித்தான், கேட்டவனும் தப்பித்தான். பதினோரு பேர் அப்படித் தப்பித்ததில் மாட்டிக்கொண்டவள் ஒருத்தி.

இப்போது இளையவள் சிந்துஜாவின் முறை.

சிந்துஜா டவுனில் ஒரு பேக்கரியில் வேலை செய்தாள். அங்கே ஃப்ரீஸர் பழுதாகி, திருத்த வந்தவன் நிரஞ்சன். கெலிஓயாவில் வாடகை அறையில் இருக்கிற ஃபிரிட்ஜ் பாஸ், அதாவது மெக்கானிக்; சொந்த ஊர் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம். முதல் தடவை ஃப்ரீஸர் பழுது. இரண்டாம் தடவை கொஞ்சம் பழுது. மூன்றாம் தடவை வந்தபோது ஃப்ரீஸர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு விஷயம் வீட்டுக்கு வந்தது.

நல்லம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "அண்ணே, இன்னொரு பொட்டி இந்த வீட்டுக்குத் திரும்பி வந்தா என்னால தாங்க முடியாது. நீங்க போய் விசாரிங்க. நல்லதுன்னா நல்லது, வேணாம்னா வேணாம். அவளும் ஒத்துக்கிட்டா."

சிந்துஜா ஒத்துக்கொண்டது ஒரு நிபந்தனையோடு. "அக்காவும் கூடப் போகணும். மாமா தனியாப் போனா மறுபடி அந்த ஒரு சொல்லத்தான் தூக்கிட்டு வருவாரு."

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் தலவாக்கலையிலிருந்து வேன் பிடித்து வருவதாக ஏற்பாடு. வரலாமா வேண்டாமா என்று சனிக்கிழமை மாலைக்குள் சொல்லியாக வேண்டும். சனிக்கிழமை காலையில் மாமாவும் மருமகளும் தங்கள் ஊரான கட்டுக்கலையில் கம்பளை போகிற பஸ் ஏறினார்கள்.

"ஒரு ஒப்பந்தம் மாமா," என்றாள் அனுஷியா, பஸ் கெட்டம்பையைத் தாண்டும்போது. அவள் கையில் பஸ் டிக்கெட் இருந்தது. "ஒவ்வொருத்தரும் டீசன்ட்னு சொல்ற நேரம் இதுல ஒரு மூலையக் கிழிப்பேன். மூணு மூலை போனா திரும்பிருவோம். பதினொன்னு வரைக்கும் எண்ண எனக்கு நேரமில்ல, கடையில அரை நாள்தான் லீவு."

"நான் ஒன்னும் அந்தச் சொல்லக் கேக்கப் போறதில்ல."

"நீங்க கேக்க மாட்டீங்க. அது தானா வந்து ஒங்க மடியில ஏறும்."

கெலிஓயாவில் இறங்கியதும் முத்துலிங்கம் தன்னுடைய பழைய முறைப்படி சலூனுக்குள் நுழைந்தார். முகச்சவரம் செய்துகொண்டே விசாரிப்பதுதான் முறை. பெண் வீட்டு ஆள் என்று காட்டிக்கொள்ளக் கூடாது. அனுஷியா வெளியே கடை ஓரத்தில் நின்றாள்.

சலூன்காரர் கத்தியில் புது பிளேடு மாட்டினார். "ஐயா பொண்ணு வீடா?"

"இல்லீங்களே. வீட்ல ஃபிரிட்ஜ் ஒன்னு பழுது. இங்க நிரஞ்சன்னு ஒரு பாஸ் இருக்காராமே, ஆள் எப்படி?"

"ஃபிரிட்ஜுக்கு கட்டுக்கலையில பாஸ் இல்லாமயா இவ்வளவு தூரம் வந்தீங்க?" என்று சிரித்தார் சலூன்காரர். கத்தி தாடையில் இறங்கியது. "டீசன்டான பையன்ங்க. ரொம்ப டீசன்ட்."

முத்துலிங்கம் வெளியே வந்தபோது முகம் பளபளவென்றிருந்தது. கண் மட்டும் சரியில்லை. அனுஷியா டிக்கெட்டின் ஒரு மூலையைக் கிழித்துக் காற்றில் விட்டாள்.

அடுத்தது தேநீர்க் கடை. அங்கே இன்னும் மோசம். இரண்டு ப்ளேன்டீ கேட்டுவிட்டு முத்துலிங்கம் "இந்த ஃபிரிட்ஜ் பாஸ் நிரஞ்சன்" என்று தொடங்கினார். கடைக்காரர் தேநீர்க் கோப்பையைக்கூட வைக்கவில்லை. நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல, "நிரஞ்சன் ரொம்ப டீசன்டான பையன்," என்றார். பிறகு கடமை முடிந்தவர்போல மூச்சு விட்டார்.

"வேற?" என்றார் முத்துலிங்கம்.

"வேறயா?" கடைக்காரர் யோசித்தார். "வேற ஒன்னும் சொல்லலயே."

"யாரு சொல்லல?"

"நான்தான். நான் வேற ஒன்னும் சொல்லலன்னு சொல்றேன். சீனி பத்துமா பாருங்க."

இரண்டாம் மூலையும் போயிற்று. "ஒங்களுக்கு ஒரு ராசி மாமா," என்றாள் அனுஷியா நடந்துகொண்டே. "ஒங்கள பாத்தாலே மனுசங்களுக்கு இங்கிலீஷ் வருது."

மூன்றாவது இடம், நிரஞ்சன் குடியிருக்கும் வீடு. வீட்டுக்காரி பத்மாதேவி யாழ்ப்பாணத்துக்காரி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். கீழே அவர், மேலே நிரஞ்சனின் அறை. கேட்டைத் திறந்து, "வாங்கோ, உள்ளுக்கு வந்து இருங்கோ," என்று கதிரைகளை இழுத்துப் போட்டார். காதில் இருந்த மெஷினைச் சரிசெய்துகொண்டார்.

முத்துலிங்கத்துக்கு இங்கே வேஷம் போட மனமில்லை. பெண்ணின் தாய்மாமன் என்று நேரடியாகவே சொன்னார். "பையனப் பத்தி நீங்கதான் சொல்லணும்."

"ஓம், சொல்லுறன். நல்ல டீசன்டான பெடியன்."

அனுஷியா மூன்றாம் மூலையைக் கிழித்தாள். டிக்கெட்டில் இன்னும் ஒரு மூலைதான் மிச்சம். முத்துலிங்கம் கையைக் கூப்பி எழுந்திருக்கப் போனார்.

"பொறுங்கோ," என்றார் பத்மாதேவி. "நான் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பெடியன் தான் வியாழக்கிழமை வந்து சொன்னவன். 'அன்ரி, கட்டுக்கலையில இருந்து ஆக்கள் வருவினம், என்னைப் பற்றிக் கேட்டால் டீசன்ட் எண்டு சொல்லுங்கோ' எண்டு. சொல்லச் சொன்னான், சொல்லிப்போட்டன். அவ்வளவுதான்."

முத்துலிங்கம் அப்படியே திரும்ப உட்கார்ந்தார். சலூன்காரருக்குக் கட்டுக்கலை எப்படித் தெரிந்தது என்பது இப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. அவர் எந்த ஊர் என்று சொல்லவேயில்லை.

"சரிங்க. அவன் சொல்லச் சொன்னது அது. நீங்களா என்ன சொல்லுவீங்க?"

"எனக்கென்ன தெரியும்? பின்னேரம் அவன் வந்தால் நான் காது மெஷினைக் கழட்டி வைச்சிடுவன்."

"ஏன்ங்க?"

"மேல ஒரே கதைச் சத்தம். ரீவி பாக்க ஏலாது."

"யாரு வாறாங்க? எத்தன பேரு?"

"ஆர் கண்டது? நான் மேல போறேல்லை, முழங்கால் நோவு. கதைச்சுச் சத்தம் கேக்கும், சில நேரம் ஏசுற சத்தமும் கேக்கும். அதுக்குமேல கேட்டால் எனக்குத் தெரியாது."

கேட்டுக்கு வெளியே வந்ததும் முத்துலிங்கம் போனை எடுத்தார். "முடிஞ்சது. ஊர் முழுக்கச் சொல்லிக் குடுத்து வச்சிருக்கான். மேல கூட்டம் கூட்டுறான், சண்டை பிடிக்கிறான். யோகராஜாவது யாருக்கும் சொல்லிக் குடுக்கல. ஒங்கம்மாகிட்ட வேணாம்னு சொல்லிர்றேன்."

அனுஷியா இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. தங்கையின் முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். "பஸ் வந்ததும் அம்மாவுக்குப் பேசுங்க," என்று மட்டும் சொன்னாள்.

பஸ் வருவதற்கு முன்னால் மழை வந்தது. கண்டி மழைக்குக் காலை மாலை கிடையாது. இருவரும் ஓடி ஒதுங்கியது, கோழி இறைச்சியும் ஐஸ்கிரீமும் விற்கிற ஒரு கடையில். சும்மா நிற்கக் கூடாதென்று அனுஷியா இரண்டு ஐஸ்கிரீம் கேட்டாள். கடைக்காரர் பெயர் அஸ்ஃபர் என்று வாசல் பலகை சொன்னது. நாற்பது வயதிருக்கும். ஐஸ்கிரீம் எடுக்க அவர் குனிந்த பெரிய ஃப்ரீஸர் கிழட்டு நாய் மாதிரி முனகிக்கொண்டிருந்தது. அதன் மூடியில் ஒரு ஸ்டிக்கர்: 'நிரஞ்சன் கூலிங் வேர்க்ஸ்', கீழே போன் நம்பர். பெயர், நம்பர் இரண்டையும் யாரோ தடித்த கறுப்புப் பேனாவால் குறுக்கே நெடுக்கே அடித்திருந்தார்கள்.

முத்துலிங்கம் ஸ்டிக்கரைப் பார்த்தார். அனுஷியா மாமாவைப் பார்த்தாள்.

"இவரு ஆள் எப்படிங்க?" என்றார் முத்துலிங்கம், ஸ்டிக்கரைக் காட்டி. கேட்டுவிட்டுத் தானாகவே சேர்த்துக்கொண்டார். "டீசன்டா?"

அஸ்ஃபர் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார். "யாரு, அவனா? அவனா டீசன்ட்? அப்படி யாரு ஒங்களுக்குச் சொன்ன?"

"எல்லாரும்."

"எல்லாருக்கும் பைத்தியம்! ஐயா, அவனப் பத்தி என்கிட்ட கேக்க வாணாம். மூணு கெழமையா நான் அவனோட கோவம். கேட்டா நான் செல்லிருவன்."

"கேக்குறோம் நானா," என்றாள் அனுஷியா, அண்ணன் முறை வைத்து. "சொல்லுங்க."

மழை தகரத்தில் அடித்தது. அஸ்ஃபர் அதைவிடச் சத்தமாக அடித்தார். நிரஞ்சன் ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்றுக்கு வருவான். திருத்தி முடித்தால் எப்போதும் இரண்டு திருகாணி மிச்சம் கிடக்கும், எங்கேயிருந்து கழன்றது என்று அவனுக்கே தெரியாது. வேலை செய்கிற நேரமெல்லாம் கதை. அவனுடைய அம்மாவின் சீனி வியாதி, தோட்டத்து லயன் வீட்டில் ஒழுகுகிற கூரை, முந்தாநாள் பார்த்த மேட்ச், எல்லாம் வரும். பாட்டுப் பாடுவான், அது இன்னும் கொடுமை. குடையை வாங்கிப் போனால் திருப்பித் தர மழைக்காலமே முடிந்துவிடும்.

"ஆள் இல்லாட்டியும் கதைப்பான் ஐயா. மெஷினோட கதைப்பான். கம்ப்ரஸரப் பாத்து, 'ஏன்டா இப்படிப் பண்றே, நேத்து நல்லாத்தானே இருந்தே'ன்னு ஏசுவான். பழைய மோட்டரெல்லாம் ரூமுக்குக் கொண்டு போய் வச்சிக்கிட்டு ராவு பகலா அதோட பேச்சு. அந்த டீச்சரோ நர்ஸோ, பாவம், கீழ ஈக்கிற பொம்பள, காது மெஷினையே கழட்டி வச்சிருவாங்களாம்."

முத்துலிங்கமும் அனுஷியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே கூடிய கூட்டம் இதுதான்.

"கோவம் எதுக்கு நானா?"

அஸ்ஃபரின் குரல் சற்று இறங்கியது. "கரண்ட் போய்க் கெடந்துச்சி. ஃப்ரீஸர்ல கோழி இளகிப் போச்சி. இவன் வந்து பாத்தான். கடையில ஏழெட்டுப் பேரு நிக்கிறாங்க. அவங்க முன்னால, 'நானா, இது பழுதாப் போச்சு, இத விக்காதீங்க, குழியில போட்டு மூடுங்க'ன்னு கத்துறான். என்ட கடையில, என்ட சனத்துக்கு முன்னால!"

"கோழி பழுதா?"

"பழுதுதான். மூடிட்டன். சரியாத்தான் சொன்னான். சத்தமாச் சொன்னான், அதான் எனக்கு ஏறிக்கிச்சி."

அனுஷியாவின் கையில் ஐஸ்கிரீம் உருகி விரல் வழியாக இறங்கியது. அவள் துடைக்கவில்லை.

"நானா, ஒன்னு கேக்கட்டுமா? அவருக்கு ரொம்பக் கோவம் வந்தா, பேசாம இருப்பாரா?"

"பேசாமயா?" அஸ்ஃபர் தலையில் கை வைத்தார். "தங்கச்சி, அதுக்குத்தான் நான் அஞ்சு நேரமும் துஆ கேக்கிறன். இங்க பாருங்க, கோவத்துல ஈக்கிறோம்தானே, மூணு கெழமையில எத்தின வொய்ஸ் மெசேஜ் போட்டீக்கிறான்னு. இது நேத்து வந்தது, கோவத்துல நான் இன்னும் கேக்கவே இல்ல."

போனைத் தட்டினார். மழைச் சத்தத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல் கிளம்பியது.

"நானா, இது நிரஞ்சன். நான் ஒங்களோட பேசுறதில்ல, அது ஞாபகம் இருக்கட்டும். நேத்து பைக்ல போனேன், ஒங்க பெரிய ஃப்ரீஸர் ரோட்டு வரைக்கும் முனகுது. பின்னால ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு. யாரையாவது கூப்பிட்டுத் தட்டச் சொல்லுங்க. என்னக் கூப்பிடாதீங்க, கூப்பிட்டா வந்துருவேன், வந்தா சண்டை வரும். அப்புறம் நாயித்துக்கெழம பொண்ணு வீட்டுக்குப் போறோம். வேன்ல ஒங்களுக்கு ஒரு சீட்டு வச்சிருக்கேன். கடைசி சீட்டு, குலுக்கும். நான் பேச மாட்டேன், ஆனா நீங்க வாங்க. விசாரிக்க வருவாங்கன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் டீசன்ட்னு சொல்லச் சொல்லி வச்சிருக்கேன். ஒங்ககிட்ட சொல்லல, சொன்னாலும் நீங்க சொல்ல மாட்டீங்க. பயமா இருக்கு நானா. அந்தப் புள்ளையோட அக்காவுக்கு ஏற்கனவே ஒருத்தன்..."

அஸ்ஃபர் அங்கே அணைத்துவிட்டார். "இன்னும் நாலு நிமிஷம் ஈக்கி," என்றார் சோர்வாக.

முத்துலிங்கம் பதினான்கு மாப்பிள்ளைகளுக்கு விசாரித்தவர். குடிக்கிறானா, சீட்டு ஆடுகிறானா, வேலை நிரந்தரமா, சட்டை மடிப்பு உண்டா, எல்லாம் கேட்டிருக்கிறார். அனுஷியா இப்போது கேட்ட கேள்வியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவுமில்லை. தோன்றியிருந்தால் பிலிமத்தலாவையில் பதினோரு பேரில் ஒருவனாவது தடுமாறியிருப்பான்.

"நாங்க பொண்ணு வீடு," என்றார் அவர்.

அஸ்ஃபரின் வாய் திறந்தபடி நின்றது. "அல்லாஹ்வே! என் வாயால அவன்ட கலியாணத்தக் கெடுத்துட்டனா? ஐயா, நான் கோவத்துல செல்லிட்டன். ஆணி மிச்சம் வரும்தான், மெஷின் ஓடும் ஐயா! நல்லா ஓடும்!"

"அந்தா முனகுதே."

"அது தூசி! அவனே செல்றான்தானே தூசின்னு!"

அனுஷியா சிரித்துவிட்டாள். இந்த இரண்டு வருடத்தில் முத்துலிங்கம் அவள் கிண்டலைக் கேட்டிருக்கிறார், சிரித்ததைக் கேட்டதில்லை. ஐஸ்கிரீமுக்குக் காசு வாங்க அஸ்ஃபர் மறுத்துவிட்டார். அவர் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்தது.

வீட்டு வாசலில் நல்லம்மா நின்றாள். அவளுக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு சிந்துஜா.

"ஆள் எப்படிண்ணே?"

முத்துலிங்கம் செருப்பைக் கழற்றினார். பழக்க தோஷம், நாக்கின் நுனிக்கு அந்தச் சொல் வந்து நின்றது. விழுங்கினார்.

"நேரத்துக்கு வர மாட்டான். ஆணிய மறந்துருவான். வாய் ஓயாது. நல்லாப் பாட வராது, ஆனாப் பாடுவான். நாலு பேர் முன்னால சத்தம் போட்டு மானத்த வாங்குவான். வாங்குன குடைய திருப்பிக் குடுக்க மாட்டான். நம்மள ஏமாத்த ஊர் முழுக்கச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தான், அதையும் சரியாச் செய்யத் தெரியல."

நல்லம்மாவின் முகம் விழுந்தது. சிந்துஜா கதவுக்குப் பின்னால் மறைந்தாள்.

"அப்ப வேணாம்ங்கிறீங்களா?"

முத்துலிங்கம் அனுஷியாவைப் பார்த்தார். இந்தத் தீர்ப்பைத் தனியாகச் சொல்ல அவருக்குத் துணிவில்லை. அதை மறைக்கவும் இல்லை.

அனுஷியா பையிலிருந்து அந்த டிக்கெட்டை எடுத்தாள். மூன்று மூலை போய், ஒரு மூலை மட்டும் மிச்சமிருந்தது. அதை அப்படியே அம்மாவின் கையில் வைத்தாள்.

"டீசன்டான ஆள் இல்லம்மா," என்றாள். "வேன் வரட்டும். வரச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வேன் பதினோரு மணிக்கு வரவேண்டியது. ஒன்றரைக்கு வந்தது. நிரஞ்சன் முன் சீட்டிலிருந்து இறங்கும்போதே வழியில் என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கி, சாப்பாடு பரிமாறும் வரை சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் சமையலறை ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்து, கதவு ரப்பர் போய்விட்டது என்று குறையும் சொன்னான். கடைசி சீட்டிலிருந்து இறங்கிய அஸ்ஃபர் அவனோடு பேசவில்லை. அவன் போகிற இடமெல்லாம் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டு பேசாமல் இருந்தார். அவனும் அவரிடம் நேராகப் பேசவில்லை. "சில பேரு ஃபேனத் தட்டவே இல்ல போல," என்று சுவருக்குச் சொன்னான். அனுஷியா அந்தச் சுவரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் இன்னொரு பாத்திரம் சோறு கொண்டுவந்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் அஸ்ஃபர் முத்துலிங்கத்தை ஓரமாக அழைத்தார். நல்ல காரியம் செய்துவிட்ட பெருமை முகத்தில் வழிந்தது.

"ஐயா, வேன்ல வாற நேரம் அவன்ட உம்மா என்கிட்ட கேட்டாங்க. 'நீங்க அவங்களப் பாத்தீக்கிறீங்கதானே, பொண்ணு வீட்டாளுங்க எப்படி'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் விட்டுக் குடுப்பனா? ரொம்ப டீசன்டான குடும்பம்னு செல்லிட்டன்."

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த அனுஷியாவின் கை அப்படியே நின்றது. முத்துலிங்கம் ஒரு கதிரையை இழுத்து அஸ்ஃபர் பக்கம் போட்டார்.

"ஒக்காருங்க தம்பி," என்றார். "எங்கள ஒரு தடவதானே பாத்திருக்கீங்க. வேன் அஞ்சு மணிக்குத்தான். அதுக்குள்ள எங்க வீட்டுச் சண்டை ரெண்டு மூணு நடக்கும். பாத்துட்டுப் போய் அந்தம்மாகிட்ட மாத்திச் சொல்லுங்க."